‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயின் இந்தச் சிறுகதை 1927இல் வெளிவந்தது. ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் நிலையம், நல்ல வெயில். ஓர் அமெரிக்கனும் அவனுடன் வந்த பெண்ணும் பார்சலோனாவிலிருந்து மாட்ரிட் போகும் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கிறார்கள். பீர் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள். கதை அவ்வளவுதான். பேச்செல்லாம் கருக்கலைப்பைப் பற்றியது, ஆனால் அந்தச் சொல் ஓரிடத்திலும் வராது.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ‘ஓ, கருக்கலைப்பா!’ என்று பிடிபட்டதும் புதிரை விடுவித்த திருப்தியில் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அது கதைக்குள் நுழையும் கதவு மட்டும்தான். அந்தச் சொல்லை இருவரும் ஏன் வாயில் எடுக்கவில்லை என்று கேட்டால்தான் கதை நகரும். அவன் திரும்பத் திரும்ப ‘ரொம்பச் சாதாரண விஷயம்’ என்கிறான். சாதாரண விஷயத்தை யாராவது இத்தனை முறை சொல்வார்களா?

அடுத்தது குறியீட்டு வேட்டை. நிலையத்தின் வறண்ட பக்கம் மலடு, ஆற்றுப் பக்கம் வாழ்வு, குன்று என்றால் கர்ப்பிணியின் வயிறு என்று அட்டவணை போடுவது. தப்பென்று சொல்லமாட்டேன், தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆங்கிலத்தில் ‘வெள்ளை யானை’ என்றால் யாருக்கும் வேண்டாத, வைத்துக் காப்பாற்றவும் கட்டுப்படியாகாத பொருள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் அந்த யானை கதைக்குள் எப்படி வருகிறது என்று பாருங்கள். குன்றுகள் வெள்ளை யானை மாதிரி இருக்கின்றன என்கிறாள். நான் பார்த்ததே இல்லை என்கிறான். நீ பார்த்திருக்கமாட்டாய் என்கிறாள். உடனே அவனுக்குச் சுருக்கென்கிறது; நீ சொல்லிவிட்டால் ஆயிற்றா, பார்த்தும் இருக்கலாம் என்று வாதாட வருகிறான். ஒரு யானைக்கே இந்தப் பாடு! அவர்கள் உறவின் நிலவரம் இந்த நாலு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பட்டியல் போடுகிறவர் இதைத் தாண்டிப் போய்விடுவார்.

தமிழில் வாசிப்பவருக்கென்று ஒரு தனிச் சறுக்கலும் உண்டு. மூலத்தில் இருவருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். தமிழில் அவள் அவனை ‘நீங்க’ என்றால் முதல் வரியிலேயே பணிந்துபோனவள் ஆகிவிடுகிறாள். ‘நீ’ என்றால் சரிக்குச் சரி நிற்கிறாள். அது மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு, அதைக் கதையின் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘அது’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஒருமுறை எடுத்துவிட்டால் அது திரும்பக் கிடைக்காது என்று அவள் சொல்லும் இடத்தில், பேச்சு உலகத்தைப் பற்றியது. நம் காதில் விழுவது குழந்தை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரி செத்துப்போகும்.

அப்புறம், யார் பேசுகிறார் என்பதில் குழப்பம். பல வரிகளில் ‘என்றான்’, ‘என்றாள்’ கிடையாது. உலகமே நமக்குச் சொந்தமாகலாம், ஆகாது என்று மாறி மாறிப் போகும் இடத்தில் விரல் வைத்து எண்ணியே படியுங்கள். நான் முதல்முறை அவள் வரியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, ‘பரவாயில்லை, நல்லவன்தான்’ என்று நினைத்திருந்தேன்.

வேகமாகப் படிப்பதும் தவறுதான். தொடக்கத்தில் ரயில் வர 40 நிமிடம், கடைசியில் 5 நிமிடம். உரையாடலைச் சத்தமாகப் படித்தாலும் 35 நிமிடம் ஆகாது. மிச்ச நேரமெல்லாம் பேசாமல் கழிந்தது. இதற்கிடையில்தான் ‘தயவுசெய்து’ என்பதை ஏழு முறை அடுக்கி, பேச்சை நிறுத்தச் சொல்கிறாள். ஏழையும் முழுதாகப் படிக்க வேண்டும்.

ஆசிரியரின் சொந்த வாழ்க்கையைத் தோண்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; கதையைப் படித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடைசித் தவறு, தீர்ப்பு எழுதுவது. அவன் பெட்டிகளை நிலையத்தின் மறுபக்கம் கொண்டுபோய் வைக்கிறான். அதனால் மனம் மாறிவிட்டான் என்று சிலர் சொல்கிறார்கள், ரயில் அந்தப் பக்கம்தான் வரும் என்று சிலர். அவன் திரும்பி வந்து, இப்போது தேவலையா என்று கேட்கிறான். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்கிறாள், சிரித்துக்கொண்டு. ரயில் இன்னும் வரவில்லை.