வெளிநாட்டு விருந்தாளிக்கு ஒரு நாள் சென்னை

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் சென்னையில் ஒரே ஒரு நாள்தான் இருப்பார் என்றால், மயிலாப்பூரில் தொடங்குங்கள். கபாலீஸ்வரர் கோயிலுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், பத்து மணிக்கு மேல் பிராகாரத்துக் கல் தரை. நமக்கே கால் பொசுங்கும்; வெறுங்காலில் நடந்து பழகாதவர் பாவம். பையில் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கட்டும். இந்து அல்லாதவர்களைக் கருவறைப் பக்கம் விடுவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சங்கடமில்லை. கோபுரமும் தலவிருட்சமான புன்னையும் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

அடுத்து எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, நான் ஒருமுறை போய் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

மதியச் சாப்பாடு வீட்டில் என்றால், கிளம்பும் முன்பே விருந்தாளிக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்க வேண்டும். வாயால் சொன்னால் எடுபடாது. என் அம்மாவுக்கு ‘போதும்’ என்பது ‘இன்னும் கொஞ்சம்’ என்றுதான் காதில் விழும்.

மாலையில் மெரினா, சுண்டல். கால்களை மட்டும் நனைக்கட்டும். அங்கே அலை இழுக்கும், குளிக்க விடாதீர்கள்.