நடுநிலையான ஆம்ப்ளிஃபயர் உங்களுக்கு நிறைவு தருமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

உள்ளே வரும் சிக்னலைப் பெரிதாக்குவதைத் தவிர வேறெதையும் கூட்டாமலும் குறைக்காமலும் வெளியே அனுப்பும் ஆம்ப்ளிஃபயரையே நடுநிலையானது என்கிறோம். அத்தகைய ஒன்றைக் கேட்டுவிட்டு, "சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை" என்று தீவிர ரசிகர்கள் சிலர் சொல்வதுண்டு. அந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வேறுபாடு காதுக்கு உண்மையிலேயே தெரிகிறதா என்பது ஒன்று. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்தக் கருவியோடு மாதக்கணக்கில் பாட்டுக் கேட்க மனம் ஒப்புமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதற்குப் போக வேண்டும்.

படி 1: விவரக் குறிப்பைப் படியுங்கள்

காதுக்குக் கேட்கும் எல்லையான 20 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 20 அதிர்வு) முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியளவின் ஏற்ற இறக்கம் அரை டெசிபெல்லுக்குள் (டெசிபெல் என்பது ஒலியளவு வேறுபாட்டின் அலகு) அடங்குகிறதா என்று பாருங்கள். டிஸ்டார்ஷன், அதாவது சிக்னலின் வடிவம் சிதைவது, 0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். ஆனால் அந்த எண் ஒரு வாட்டில் மட்டும் எடுக்கப்பட்டதா, முழு சக்தியை நெருங்கும்போதும் பொருந்துமா என்பதைக் கவனியுங்கள்.

பலரும் தாண்டிப் போகும் வரி டாம்பிங் ஃபேக்டர். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஓம் என்ற அலகில்) ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸால் வகுத்தால் வருவது அது. 8 ஓமில் அது 80 என்றால், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 0.1 ஓம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கி, வேறோரிடத்தில் 20 ஓமுக்கு ஏறலாம். வெளியீட்டு இம்பீடன்ஸ் 0.1 ஓமாக இருக்கையில் இந்த ஏற்ற இறக்கத்தால் ஒலியில் வரும் மாற்றம் 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. ட்யூப் ஆம்ப்ளிஃபயர்கள் (வெற்றிடக் குழாய்களால் இயங்குபவை) சிலவற்றில் உள்ளதுபோல அது 2 ஓமாக இருந்தால் மாற்றம் ஏறத்தாழ 2.7 டெசிபெல் ஆகிவிடும். அது காதுக்கு நன்றாகவே தெரியும். 'இதமான ஒலி' என்று புகழப்படுவதில் ஒரு பங்கு இதுதான் என்பது என் கணிப்பு.

படி 2: சக்தி போதுமா என்று கணக்கிடுங்கள்

ஒரு பாட்டு சராசரியாக 1 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது, திடீரென விழும் மேள அடி சராசரியைவிட 20 டெசிபெல் உயரலாம். 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும் என்பதால், 20 டெசிபெல்லுக்கு நூறு மடங்கு, அதாவது 100 வாட் தேவை. 30 வாட் ஆம்ப்ளிஃபயர் அந்தக் கணத்தில் அலையின் உச்சியை வெட்டிவிடும். கேட்பவரோ ஒலி கரடுமுரடாக இருக்கிறது என்று நடுநிலைத் தன்மையின் மேல் பழி போடுவார். சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் குறை எழுகிறதென்றால் சந்தேகிக்க வேண்டியது சக்தியைத்தான்.

படி 3: இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள்

புதிய ஆம்ப்ளிஃபயரை இப்போது உங்களிடம் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரே பிளேயரிலிருந்து இரண்டுக்கும் சிக்னல் போக வேண்டும். சோதனை முழுக்க இந்தப் படியை நம்பித்தான் நிற்கிறது. ஏனென்றால் அரை டெசிபெல் கூடுதல் சத்தம் நம் காதுக்குச் சத்தமாகப் படாது, தெளிவாகவும் துடிப்பாகவும்தான் படும். காதால் சமப்படுத்தினால் பயனில்லை, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைப்பு முனைகளில் ஏசி வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். மீட்டரின் முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது. ஒன்றில் 2.00 வோல்ட், மற்றதில் 2.02 வோல்ட் என்றால் வேறுபாடு 0.1 டெசிபெல்லுக்குள் இருக்கிறது, அது போதும். பிறகு வால்யூம் குமிழ்கள் நகராதபடி டேப் ஒட்டிவிடுங்கள்.

படி 4: எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள்

ஒலியின் நுட்பமான சாயலை நினைவு சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைப்பதில்லை. எனவே ஒயரைக் கழற்றி மாட்டிச் சோதிப்பதில் பொருளில்லை. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு மாற்றித் தரவே வடிவமைத்த சுவிட்ச் பெட்டியைப் பயன்படுத்துங்கள். ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டியைத் தலைகீழாக இணைத்தால் இரு வெளியீடுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து கருவி எரிந்துபோகக்கூடும். ட்யூப் ஆம்ப்ளிஃபயர் என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஸ்பீக்கர் விடுபட்ட நிலையில் சிக்னல் ஓடினால் அதன் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து.

உங்கள் கண்ணில் படாத இடத்தில் நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்துக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்து ஓடவிடட்டும். அவர் பேசவே கூடாது. எது ஓடுகிறது என்று நீங்கள் எழுதி வையுங்கள். இவ்வாறு 16 முறை. அவற்றில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் வேறுபாடு கேட்கிறது என்று கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அவ்வளவு சரியாக வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான் உண்டு. எட்டு, ஒன்பது என்று வந்தால் அது வெறும் ஊகத்தின் அளவு. நீண்டு ஒலித்து அடங்கும் வீணைத் தந்தியும் தனிக் குரலும் இதற்கு நல்ல கருவிகள். எல்லா வாத்தியமும் ஒன்றாக முழங்கும் பகுதியில் நுணுக்கம் பிடிபடாது.

படி 5: சில வாரங்கள் கேளுங்கள்

மறைவுச் சோதனை வேறுபாட்டைச் சொல்லும், விருப்பத்தைச் சொல்லாது. ஆகவே சோதனைப் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, வழக்கமாகக் கேட்பதையே கேளுங்கள். ஓர் இசைத்தட்டை முழுவதும் கேட்டு முடிக்கிறீர்களா, பாதியில் எழுந்து போகிறீர்களா என்று பாருங்கள். ஒலியின் தரத்தை ஆராய்வதே மறந்துபோனால், என்னைப் பொறுத்தவரை அந்த ஆம்ப்ளிஃபயர் தேறிவிட்டது.

அப்போதும் ஏதோ குறைவதாகத் தோன்றினால் உடனே விற்றுவிட வேண்டியதில்லை. 1985-இல் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், விலையுயர்ந்த ஓர் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைத் தம் மலிவான கருவியில் அப்படியே கொண்டுவர முடியும் என்று சவால்விட்டார். ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. நீங்கள் தேடும் சாயல் படி 1-இல் பார்த்த ஒலியளவு ஏற்ற இறக்க வகையைச் சேர்ந்தது என்றால், அதை ஈக்வலைசரில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) ஏற்படுத்திக்கொள்ளலாம்: பேஸை (கீழ் ஒலிகளை) ஒரு டெசிபெல் உயர்த்தி, ட்ரெபிளை (மேல் ஒலிகளை) ஒரு டெசிபெல் தாழ்த்தி ஒரு வாரம் கேளுங்கள். அதிலும் மனம் நிறையவில்லையென்றால் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்; அந்த நகர்வு தரும் மாற்றம், நடுநிலையான இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே இருக்கும் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது.