தொடர்தாளில் அச்சு நகர்கிறதா? குமிழில் கை வைப்பதற்கு முன்

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், இரு ஓரமும் துளையிட்ட தொடர்தாளில் பில் அடிக்கிறீர்கள். முதல் பில் கட்டத்துக்குள் கச்சிதமாக விழுகிறது. இரண்டாவதில் தொகை கோட்டின் மேல் உட்கார்கிறது. நான்கைந்து பில்லுக்குள் கடைசி வரி, ஃபார்ம்களைப் பிரிக்கும் கிழிகோட்டைத் தாண்டி அடுத்த ஃபார்முக்குள் இறங்கிவிடுகிறது. உடனே எல்லோரும் செய்யும் வைத்தியம் ஒன்றுதான்: பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருகித் தாளைக் கொஞ்சம் நகர்த்துவது. அடுத்த பில் சரியாக வரும், அதற்கடுத்தது மறுபடி நகரும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குக் கிழிகோடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தாள் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பதை மட்டும் சென்சார் சொல்லும். ஒரு ஃபார்ம் எங்கே முடிகிறது என்பதை, முதலில் தாள் நின்ற இடத்திலிருந்து இத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறேன் என்ற கணக்கை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. குமிழைத் திருகினால் தாள் நகரும், பிரிண்டரின் கணக்கு நகராது. பவர் ஓடும்போது மோட்டார் தாளை இறுக்கிப் பிடித்திருக்கும், அந்த நேரத்தில் பலம் போட்டுத் திருகினால் பல்சக்கரங்களுக்கும் கேடு. சிக்கிய தாளை எடுக்க, பவரை அணைத்துவிட்டுத் திருகத்தான் அந்தக் குமிழ்.

எப்படி நகர்கிறது என்று பாராமல் செட்டிங்கை மாற்றுவது

எல்லா ஃபார்மிலும் ஒரே அளவு தள்ளி விழுகிறதா, ஃபார்முக்கு ஃபார்ம் சம அளவில் கூடிக்கொண்டே போகிறதா, அல்லது ஒரு ஒழுங்கும் இல்லாமல் தாவுகிறதா? மூன்றும் வேறு வேறு நோய். முதலாவதில் தாளின் தொடக்க இடம் தப்பு. இரண்டாவதில் பக்க நீளம் தப்பு. மூன்றாவது பெரும்பாலும் தாள் போகும் பாதையில் இருக்கும் கோளாறு.

பிரித்தறிய எளிய வழி உண்டு. தானாகத் தாளை வெளியே தள்ளும் ஆட்டோ டேர் ஆஃப் வசதியை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து எதையும் அனுப்பாமல், அடுத்த ஃபார்முக்குத் தாளைத் தள்ளும் ஃபார்ம் ஃபீட் பட்டனை மட்டும் பத்து முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கிழிகோடு ஒரே இடத்தில் வந்து நின்றால் பிரிண்டர் நல்லபடியாகத்தான் இருக்கிறது, தப்பு டிரைவரிலோ சாஃப்ட்வேரிலோ. சம அளவில் விலகிக்கொண்டே போனால் பிரிண்டரின் பேனலில் பக்க நீளம் தவறாக இருக்கிறது. தாறுமாறாக நின்றால் மூடியைத் திறந்து தாளைப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரைவரை அழித்துத் திரும்ப நிறுவுகிறவர்கள்தான் அதிகம்.

பக்க நீளத்தில் நடக்கும் தவறுகள்

கூடிக்கொண்டே போகும் நகர்வுக்கு முதல் சந்தேகம் ஏ4 மீதுதான் விழ வேண்டும். ஏ4 நீளம் 297 மில்லிமீட்டர், அதாவது சுமார் 11.69 அங்குலம். போட்டிருப்பது 11 அங்குலத் தாள், டிரைவரில் இருப்பது ஏ4 என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.69 அங்குலம் கூடுதலாகத் தள்ளும். வழக்கமான அங்குலத்துக்கு 6 வரி என்ற இடைவெளியில் அது நான்கு வரிக்கு மேல். 12 அங்குலத் தாளைப் போட்டுவிட்டு 11 அங்குலம் என்று வைத்திருந்தால் எதிர்ப்பக்கமாக, பக்கத்துக்கு ஓர் அங்குலம் மேலே ஏறும்.

நீளத்தை அளப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஒரே ஒரு ஃபார்மை ஸ்கேலில் அளந்து, கண்ணுக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறார்கள். ஐந்தரை அங்குல ஃபார்ம் சரியாக 139.7 மில்லிமீட்டர். அதை 140 என்று முழுதாக்கினால் ஒரு பில்லில் எதுவும் தெரியாது, நூறாவது பில்லில் 3 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பத்து ஃபார்மைக் கிழிக்காமல் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். ஓரத் துளைகளை எண்ணியும் சரிபார்க்கலாம். துளைக்குத் துளை அரை அங்குலம், ஆக 22 துளை என்றால் 11 அங்குலம், 24 என்றால் 12. முடிந்தவரை அங்குலத்திலேயே கணக்கு வையுங்கள். இந்தப் பிரிண்டர்களின் உலகமே அங்குலத்தில்தான் ஓடுகிறது.

11 அங்குலத்தை மூன்றாகப் பிரித்த ஃபார்ம்களும் உண்டு. ஒன்றின் உயரம் மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. இதை அங்குலமாக எழுதப் போனால் தசமத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வரியாக எழுதினால் சுத்தமாக 22 வரி. ஐந்தரை அங்குலம் 33 வரி, 11 அங்குலம் 66, 12 அங்குலம் 72.

அப்புறம், நீளத்தை எங்கே மாற்றுவது? பேனலில் ஒன்று, டிரைவரில் ஒன்று, அச்சிடும் சாஃப்ட்வேரில் ஒன்று என்று மூன்று இடங்களில் இருக்கிறது. டிரைவர் வழியாக அச்சிடும்போது பொதுவாக டிரைவர் அனுப்பும் நீளம் பேனலில் இருப்பதை மீறிவிடும். பழைய பாணியில் வெறும் எழுத்தாக அனுப்பும் சாஃப்ட்வேரில், அது தானே நீளத்தைச் சொல்லாவிட்டால், பேனல் சொல்வதுதான் செல்லும். மூன்றிலும் ஒரே அளவை வைத்துவிடுவது நல்லது. விண்டோஸில் உங்கள் அளவு பட்டியலில் இல்லையென்றால், பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் புதிய ஃபார்ம் ஒன்றை உருவாக்கிப் பெயர் வைத்து, அதை டிரைவரிலும் சாஃப்ட்வேரிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். உருவாக்கியதோடு நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் மறதி.

பிரிண்டரை மாற்றிய பிறகு வரும் சிக்கல்

ஆண்டுக்கணக்கில் சரியாக ஓடிய பில்லிங் சாஃப்ட்வேர், அச்சடிக்கும் ஹெட்டில் 9 ஊசி கொண்ட பழைய 9 பின் பிரிண்டர் போய் 24 பின் வந்ததும் தறிகெட்டு ஓடலாம். பலரும் புதுப் பிரிண்டரைத் திட்டுவார்கள். வரி இடைவெளியைச் சொல்லும் எஸ்கேப் 3 என்ற கட்டளை எப்சன் நிறுவனத்தின் வழியில் வந்த 9 பின் பிரிண்டர்களில் அங்குலத்தின் 216இல் ஒரு பங்கை அலகாகக் கொள்ளும், 24 பின்னில் 180இல் ஒரு பங்கை. ஆக 36 என்று அனுப்பினால் பழையதில் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, புதியதில் ஐந்தில் ஒரு பங்கு. 66 வரிக்கு 11 அங்குலம் எடுத்துக்கொண்டது இப்போது 13.2 அங்குலம் கேட்கிறது. சாஃப்ட்வேரில் அந்த எண்ணை 30 என்று மாற்றினால் சரியாகிவிடும். பிரிண்டர் எந்த எமுலேஷனில், அதாவது எந்த வகைப் பிரிண்டரின் கட்டளைகளைப் பின்பற்றும் நிலையில் இருக்கிறது என்பதையும் பேனலில் பார்த்துவிடுங்கள்.

வரிகள் எல்லாம் ஒன்று விட்டு ஒன்று அச்சாகின்றனவா? அடுத்த வரிக்கு இறங்கச் சொல்லும் லைன் ஃபீடை சாஃப்ட்வேரும் அனுப்புகிறது, பிரிண்டரின் ஆட்டோ லைன் ஃபீடும் திறந்திருக்கிறது. ஒன்றை மூடுங்கள். கிழிகோட்டுக்கருகே இடம் விட்டுத் தாண்டும் வசதியும் இதே வகை. சாஃப்ட்வேர் தானே மேலும் கீழும் இடம் விட்டால் பிரிண்டரில் அது தேவையில்லை. 66 வரியையும் நிரப்பிவிட்டுக் கடைசியில் ஃபார்ம் ஃபீடும் அனுப்பினால் இடையிடையே வெற்றுத் தாள் வரும்.

தாளைப் போடுவதில்

தாறுமாறான நகர்வுக்கு முதலில் பார்க்க வேண்டியது தாள் விடுவிப்பு லீவர். தனித்தாளுக்கான நிலையில் லீவர் இருக்க, தொடர்தாளைப் போட்டால் உருளை ஒரு பக்கம் இழுக்கும், துளைகளில் மாட்டித் தாளை நகர்த்தும் டிராக்டரின் பற்கள் இன்னொரு பக்கம் இழுக்கும், துளைகள் கிழியும். அடுத்து இரு பக்கத் துளைகள். இடப்பக்கம் முதல் துளையும் வலப்பக்கம் இரண்டாவது துளையும் மாட்டியிருந்தால் தாள் சாய்வாகத்தான் போகும். இரண்டு டிராக்டருக்கும் இடையே தாள் தொய்யவும் கூடாது, துளைகள் நீளும்படி விறைக்கவும் கூடாது.

தாள் கட்டு வைக்கும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. பெட்டியின் விளிம்பில் தாள் உரசினாலோ, கட்டு பிரிண்டருக்கு நேராக இல்லாமல் ஒருபுறமாக இருந்தாலோ, கேபிள் குறுக்கே கிடந்தாலோ தாள் பல் தாண்டும். பல பிரதிகள் கொண்ட ஃபார்ம் என்றால் தாள் தடிமன் லீவரைப் பிரதிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நகர்த்துங்கள். ஹெட் மிக நெருங்கியிருந்தால் தாளில் உரசி மை இழுகும், தாளும் தடுமாறும். ஸ்டிக்கர் லேபிள்களை மட்டும் ஒருபோதும் பின்னோக்கி இழுக்காதீர்கள். உள்ளே உரிந்து உருளையில் ஒட்டினால் பெரிய வேலை.

ஒரே அளவு தள்ளி விழும் நோய்க்கு மருந்து எளிது. பெரும்பாலான மாடல்களில் தாளை நுண்ணியதாக நகர்த்தும் முறை இருக்கிறது. அதை வைத்துத் தொடக்க இடத்தைச் சரிசெய்தால் பிரிண்டரின் கணக்கும் சேர்ந்து மாறும். இடம் வலமாகத் தள்ளியிருந்தால் இடப்பக்க டிராக்டரை நகர்த்துங்கள். பில் பாதியில் நிற்கும்போது அச்சை ரத்து செய்து பவரை அணைத்துப் போட்டால், நின்ற இடத்தையே பக்கத்தின் தொடக்கம் என்று பல பிரிண்டர்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் எல்லா பில்லும் அதே அளவு தள்ளிப் போகும். தாளைப் பின்னுக்கு எடுத்துத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

செங்குத்துக் கோடு மட்டும் வளைந்து நெளிந்து வந்தால் தாளைக் குறை சொல்லாதீர்கள். ஹெட் போகும்போதும் வரும்போதும் அச்சடிப்பதில் இருக்கும் ஒத்திசைவு தப்பியிருக்கிறது. பேனலில் அதைச் சரிசெய்யும் சோதனை அச்சு இருக்கும். அவசரத்துக்கு ஒருவழி அச்சுக்கு மாற்றினால் வேகம் குறையும், கோடு நேராகும்.

எல்லாம் சரியாக இருந்தும் புதுக் கட்டைப் பிரித்த அன்று அச்சு விலகினால், பழைய கட்டில் ஒரு தாள், புதியதில் ஒரு தாள் எடுத்து, துளைக்குத் துளை பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை என்றால் பிரிண்டரை விட்டுவிட்டு ஃபார்ம் அடித்துக் கொடுத்த அச்சகத்தில்தான் பேச வேண்டும்.