பாய்லர் நின்றுவிட்டதா? முதலில் அழுத்த மீட்டரின் முள்ளைப் பாருங்கள்

லண்டனில் எங்களுக்கு அது முதல் ஜனவரி. காலையில் குழந்தையைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரும் சில்லென்று கிடக்கிறது. பாய்லர் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டோம். மாலையில் வந்த மெக்கானிக் பாய்லரின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. அடியில் இரண்டு வால்வைத் திருப்பி, குறைந்திருந்த தண்ணீர் அழுத்தத்தை ஏற்றினார், காசை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஐந்து நிமிட வேலை. இப்போது வருகிறவர்கள் இதற்காக ஒரு பகல் முழுக்கக் குளிரில் உட்கார வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பிரிட்டனில் இன்று பல வீடுகளில் இருப்பது காம்பி பாய்லர், அதாவது குழாய்க்கு வெந்நீரும் ரேடியேட்டருக்குச் சூடும் ஒரே பெட்டியிலிருந்து தருவது. ரேடியேட்டர்களுக்குள் சுற்றுவது நீங்கள் குளிக்கிற தண்ணீர் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அடைத்து வைத்த அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சூடாகிச் சுற்றி வருகிறது. அதன் அழுத்தத்தைத்தான் பாய்லரில் இருக்கும் மீட்டர் காட்டுகிறது. பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அளவு) வரை நிற்க வேண்டும். சூடேறினால் 2 வரை போகும், பயப்பட வேண்டாம். ரொம்ப இறங்கிவிட்டால் பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். திரையில் ஒரு குறியும் தெரியும்: வேலன்ட் கம்பெனி பாய்லர் என்றால் எஃப் 22, ஐடியல் கம்பெனியின் லாஜிக் என்றால் எஃப் 1.

வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரருக்கோ ஏஜென்ட்டுக்கோ மீட்டரைப் படமெடுத்து அனுப்புங்கள். இங்கிலாந்தில் வெந்நீரையும் ஹீட்டிங்கையும் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கேட்கத் தயங்காதீர்கள். பெரும்பாலும் "நீங்களே கொஞ்சம் நிரப்பிப் பாருங்கள்" என்பார்கள்.

சரி, நிரப்புவது எப்படி? பாய்லரை அணைத்து ஆற விடுங்கள். அடியில் குனிந்து பார்த்தால் கம்பி பின்னிய, வெள்ளி நிறமான ஒரு சிறு குழாய் தெரியும். அதுதான் ஃபில்லிங் லூப். இரண்டு முனையும் இறுக்கமாக மாட்டியிருக்கிறதா என்று கையால் பாருங்கள். வால்வின் பிடி குழாய்க்குக் குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது. ஒன்றை முழுதாகத் திறந்துவிட்டு, மற்றதை மெல்ல மெல்லத் திருப்புங்கள். உஸ்ஸென்று தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும். கண் முள்ளிலேயே இருக்கட்டும். சில வீடுகளில் அது நகருவதே தெரியாது, சில வீடுகளில் விறுவிறுவென்று ஏறிவிடும். 1.3-ஐத் தொட்டதும் இரண்டு வால்வையும் மூடுங்கள். இரண்டையும்! ஒன்றை மட்டும் மூடி, அது லேசாகக் கசிந்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறக்கும், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும். வேலை முடிந்ததும் லூப்பைக் கழற்றி வைப்பதே முறை. அப்போது நாலு சொட்டு விழும், கீழே ஒரு துணி போடுங்கள்.

வெள்ளிக் குழாயே காணோமா? சில வூஸ்டர் பாஷ் பாய்லர்களில் அடியில் ஒரு நீலப் பிடி இருக்கும், அதை இழுத்துப் பிடித்தாலே நிரம்பும். மற்றவற்றுக்கு மாடல் நம்பரை வைத்துக் கையேட்டைத் தேடுங்கள், ஊகித்து எதையும் திருகாதீர்கள். பரணில் தண்ணீர்த் தொட்டி வைத்த பழைய வீடு என்றால் பெரும்பாலும் இந்த மீட்டரே இருக்காது, இந்த முறையும் பொருந்தாது.

ரேடியேட்டருக்குள் சிக்கிய காற்றை வெளியே விட்ட பிறகு அழுத்தம் குறைவது இயல்பு. ஆனால் வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ரேடியேட்டர் வால்வின் அடியில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பாருங்கள், நனைந்தால் இடம் தெரிந்துவிடும். சூட்டில் 3-ஐ நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுகிறது என்றால் சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று போயிருக்கலாம். அதற்குக் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு பெற்றவரைத்தான் கூப்பிட வேண்டும். வந்ததும் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பாய்லரின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றவே கூடாது. கேஸ் வாடை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999-ஐக் கூப்பிடுங்கள்.