மிட்நைட் ராபர்: பேச்சு எழுதி வேடம் கட்டுவது எப்படி

கரீபியன் தீவான டிரினிடாடின் கார்னிவல் என்னும் தெருத் திருவிழாவில் ஆளை வழிமறித்து, விசில் ஊதி, தன் வீரப் பிரதாபங்களை அடுக்கி, காசு வாங்கிய பிறகே வழிவிடுகிற வேடம் மிட்நைட் ராபர், அதாவது நள்ளிரவுக் கொள்ளைக்காரன். அகன்ற தொப்பியும் நீண்ட அங்கியும்தான் முதலில் கண்ணில் படும். அதனால் புதிதாக வேடம் கட்டுகிறவர்கள் தொப்பிக்கே வாரக்கணக்கில் நேரம் செலவழித்துவிட்டு, பேச்சைக் கடைசி இரண்டு நாளில் எழுதுகிறார்கள். தெருவில் இறங்கி ஒரு நிமிடத்தில் சரக்கு தீர்ந்துபோய் விழிப்பார்கள். இந்த வேடத்தின் உயிர் 'ராபர் டாக்' என்கிற அந்தப் பேச்சில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

எழுத உட்காரும் முன் அதன் வேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1838-இல் அடிமை உழைப்பு முழுமையாக முடிவுக்கு வந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கார்னிவலைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ராபர் வேடம் உருப்பெற்றது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பழைய பேச்சுகளில் அடிக்கடி வரும் கதை ஒன்று உண்டு: ஆப்பிரிக்காவில் அரச குலத்தில் பிறந்தவன் பிடிபட்டுக் கப்பலேற்றப்படுகிறான், தப்பி ஓடி, தன்னை அடிமையாக்கியவர்களைப் பழிவாங்கக் கொள்ளைக்காரனாகிறான். மேற்கு ஆப்பிரிக்கக் கதைசொல்லிகளின் புகழுரை மரபு, பைபிளின் நடை, காலனியப் பள்ளிப் பாடப்புத்தகங்களின் கனத்த ஆங்கிலம், அமெரிக்க கௌபாய் படங்களின் தோரணை ஆகிய நான்கும் இந்தப் பேச்சில் கலந்திருக்கின்றன. எஜமானர்கள் மனப்பாடம் செய்யவைத்த மொழியை எடுத்து அவர்கள் மீதே இடிபோல இறக்குகிறான் ராபர். ஆகவே தெருவில் அன்றாடம் புழங்கும் கிரியோல் என்னும் கலப்புமொழியை விட்டுவிட்டு, உயர்ந்த நடைக்குத் தாவுவான். தமிழில் பயிற்சி செய்கிறவர்களும் பேச்சுத்தமிழில் எழுதக் கூடாது. கம்பீரமான எழுத்துநடைதான் பொருந்தும்.

பேச்சு ஒன்றரை நிமிடம் போதும். நிறுத்தி முழங்கிப் பேசினால் தமிழில் ஏறக்குறைய 120 சொற்கள் வரும். அதற்கு மேல் போனால் வழிமறிக்கப்பட்டவர் கைப்பேசியை எடுத்துவிடுவார். முதலில் பிறப்பு, பிறகு சாதனைகள், அடுத்து எதிரே நிற்பவருக்கு மிரட்டல், கடைசியில் காசு கேட்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். காசை முன்னால் கேட்டால் பிறகு யாரும் நின்று கேட்க மாட்டார்கள்.

பிறப்பையும் சாதனையையும் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி:

"நான் பிறந்த இரவில் கடல் மூன்று காதம் பின்வாங்கியது. மருத்துவச்சி என் முகத்தைப் பார்த்து விளக்கை அணைத்தாள். வானத்தில் நிலவும் அணைந்து, ஏழு மாதம் எரியவில்லை. மூன்று வயதில், என் பாட்டனை ஏற்றிவந்த கப்பலை நங்கூரத்தோடு விழுங்கினேன். ஏழு வயதில் ஆளுநர் மாளிகையின் கதவைத் தட்டினேன். கதவு அசையவில்லை, மாளிகைதான் விழுந்தது."

இதில் 'கொடியவன்', 'பயங்கரமானவன்' என்ற சொற்களே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'என்னைப் போல் கொடியவன் உலகில் இல்லை' என்று முழங்கினால் கேட்பவர் மனதில் எந்தக் காட்சியும் எழாது. மூன்று காதம், ஏழு மாதம், நங்கூரம் என்று அளவும் பொருளும் வந்தால்தான் பொய் கண்ணுக்குத் தெரியும். வயது ஏற ஏறச் செயலும் பெரிதாக வேண்டும். முதல் வரியிலேயே சூரியனை விழுங்கிவிட்டால் இரண்டாம் வரிக்கு விழுங்க ஒன்றும் மிஞ்சாது. இதுதான் புதியவர்களின் பேச்சு பாதியில் தொய்வதற்கு முக்கியக் காரணம்.

மிரட்டல் பகுதியில் அந்த ஆண்டின் செய்தியைக் கொண்டுவரலாம். விலைவாசி, வராத தண்ணீர், வாக்குறுதியை மறந்த அமைச்சர் எல்லாம் ராபருக்கு உரிய இரை. அரசியல் விமர்சனத்தை ராபர் பேச்சில் கூர்மையாக வைத்தவர்களில் பிரையன் ஹோனோரே முக்கியமானவர். ஒரு பேச்சுக்கு ஒரு விஷயம் மட்டும் எடுங்கள். மூன்றைத் திணித்தால் மேடைப் பிரசாரம் ஆகிவிடும்.

எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே மூச்சில் முடிய வேண்டும். முடியாததை வெட்டுங்கள், தயங்காமல். பிறகு நடந்துகொண்டே சொல்லுங்கள். உட்கார்ந்து மனப்பாடம் செய்த பேச்சு, கால் அசைந்ததும் மறந்துபோகும்.

விசில்தான் இந்தப் பேச்சின் முற்றுப்புள்ளி. வழிமறிக்கும்போது நீளமாக ஒன்று, ஒவ்வொரு பகுதியும் முடியும்போது சுருக்கமாக ஒன்று. வாக்கியத்தின் நடுவில் ஊதினால் அடுத்த சொல்லுக்கு மூச்சிருக்காது. விசிலைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள். வாயிலேயே வைத்துக்கொண்டு பேசினால் ஒரு சொல்லும் விளங்காது. குரலைத் தொண்டையிலிருந்து கத்தாமல் அடிவயிற்றிலிருந்து எடுங்கள். காலையில் கத்தினவருக்கு மதியத்துக்குள் குரல் போய்விடும், கார்னிவலோ திங்களும் செவ்வாயும் என இரண்டு நாள். தண்ணீரை வாய் நிறையக் குடிக்காமல், ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே இரண்டு மிடறாகக் குடியுங்கள்.

இனி தொப்பி. விளிம்பின் குறுக்களவு 75 சென்டிமீட்டர் இருந்தால் கூட்டத்தில் தெரியும். 90-ஐத் தாண்டினால் காற்று தூக்கும், பக்கத்திலிருப்பவர் முகத்திலும் இடிக்கும். விளிம்பு ஓரத்தில் கம்பி வளையம் வைத்து, அட்டையை இரண்டு அடுக்காக ஒட்டி, மேலே துணி போர்த்துங்கள். விளிம்பைச் சுற்றிக் குஞ்சம் தொங்க வேண்டும், விரல் நீளம் போதும். அதற்கு மேல் நீண்டால் கண்ணை மறைக்கும். உச்சியில் மண்டையோடோ சவப்பெட்டியோ வைக்கிறவர்கள் காகிதக்கூழில் செய்யட்டும், எடை மொத்தமும் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கட்டும். தாடைக் கயிறு கட்டாயம். அங்கி தோளிலிருந்து கணுக்கால் வரை போதும். தரையைத் தொட்டால் பின்வாங்கும்போது நீங்களே மிதித்து விழுவீர்கள், ராபர் பேசும்போது முன்னும் பின்னும் நடந்துகொண்டேதான் இருப்பான்.

காசு வாங்கும் பெட்டியைச் சவப்பெட்டி வடிவில் மரத்தில் செய்வது மரபு. கைத்துப்பாக்கி வைத்திருந்தால் மரத்தில் செய்து, பொம்மை என்று தூரத்திலிருந்தே தெரியும்படி வண்ணம் பூசுங்கள். யாரையும் தொடக் கூடாது. குழந்தை அழத் தொடங்கினால் மண்டியிட்டு, அதே உயர்ந்த நடையில், குரலை மட்டும் தாழ்த்தி, அதன் முன் சரணடைவதாக அறிவியுங்கள். கூட்டமும் சிரிக்கும், குழந்தையும் சமாதானமாகும். காசு தராதவருக்கு மூன்று வரியில் ஒரு சாபம், அத்தோடு வழிவிடுங்கள்.

இரண்டு ராபர்கள் எதிர்ப்பட்டால் சொற்போர். இதில் மனப்பாடப் பேச்சு உதவாது. எதிராளி கடைசியாகச் சொன்ன பொருளைப் பிடித்து அதைவிடப் பெரிதாக்க வேண்டும். அவன் மலையை உதைத்தேன் என்றால், அந்த மலை உருண்டு வந்து என் செருப்பில் சிக்கிய கல் என்று நீங்கள் சொல்ல வேண்டும். கடல், நெருப்பு, சாவு மூன்றுக்கும் தலா இரண்டு பதில்களை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள்; ஏறக்குறைய எல்லாச் சவால்களும் இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டே வரும். அவன் பேசும்போது அடுத்த வரியை யோசிக்காமல் காதைக் கொடுங்கள். ஒரே படிமத்தை இரண்டாம் முறை எடுத்தவனைக் கூட்டம் உடனே கண்டுகொள்ளும், வெற்றியை மற்றவனுக்குக் கொடுத்துவிடும்.