மொழிபெயர்ப்புக்குப் போகும்போது கடவுச்சீட்டும் கூடப் போகட்டும்

வெளிநாட்டில் இருப்பவர் குடும்பத்தை அங்கே அழைக்கும் ஸ்பொன்சருக்காகப் பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களை ஆங்கிலத்தில் மாற்றக் கொடுக்கும்போது, குடும்பத்தில் எல்லோருடைய கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, பெயர்களை அதிலுள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து அழைப்பவருடைய பிரதியும் வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் எடுத்த பத்திரங்கள் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும். 'சண்முகநாதன்' என்பதை எஸ் மட்டும் போட்டும் தொடங்கலாம், எஸ்-எச் போட்டும் தொடங்கலாம்; நடுவில் வரும் க-வுக்கு ஜி-யும் பொருந்தும், கே-யும் பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்குப் பட்டபடி எழுதினால், தாளில் தகப்பனும் மகளும் வேறு வேறு குடும்பமாகிவிடுவார்கள். அப்புறம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், காலம் இழுபடும். தகப்பன் கடவுச்சீட்டே எடுக்காமல் காலமானவர் என்றால்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை முன்பு அங்கே கொடுத்த படிவங்களில் எப்படி எழுதினாரோ, அப்படியே எழுதுவிக்கலாம்.

தமிழ் மூலத்திலேயே பெயரோ பிறந்த திகதியோ பிழை என்றால் இது உதவாது. முதலில் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். மொழிபெயர்ப்பில் மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் அதைச் செய்யவும் கூடாது.