டிசைன் படிப்பு: பெயரைப் பார்த்துச் சேராதீர்கள்

"பையன் நன்றாக வரைவான். டிசைனில் சேர்த்துவிடலாமா?" பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்விக்குள்ளேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன.

ஒன்று, கேட்கும் நேரம். ஐ.ஐ.டி.க்களில் பி.டெஸ். என்னும் இளநிலை வடிவமைப்புப் பட்டம் படிப்பதற்கான யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வு ஜனவரியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்கான விண்ணப்பம் முந்தைய அக்டோபர் வாக்கில் வரும். அகமதாபாத்தில் 1961 முதல் இயங்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், சென்னை தரமணியில் வளாகம் வைத்திருக்கும் நிஃப்டும் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) ஏறக்குறைய அதே பருவத்தில்தான் நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. மே மாதத்தில் யோசிக்கத் தொடங்குபவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்தான். அவற்றின் கட்டணம் பல லட்சம். யூசீடை இரண்டு முறைதான் எழுத முடியும், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில். ஆகவே பிளஸ் ஒன் படிக்கும்போதே இந்தப் பேச்சு வீட்டில் நடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வரைவதுதான் டிசைன் என்ற நினைப்பு. நடிகர்களின் முகத்தைப் பென்சிலில் அச்சு அசலாக வரையும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். கைத்திறன் நல்லதுதான், யூசீடிலும் வரையச் சொல்லும் பகுதி உண்டு. ஆனால் தேர்வின் பெரும்பகுதி கணினியில் நடக்கிறது; கூர்ந்து கவனிப்பதையும், ஒரு பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பதையும், தர்க்கத்தையும் சோதிக்கிறது. கல்லூரிக்குள் போனபிறகும் இதே கதைதான். பேருந்து நிறுத்தத்தில் பாட்டி ஏன் இருக்கையை விட்டுவிட்டுத் தரையில் உட்காருகிறார் என்று கவனித்து, அளவெடுத்து, மாற்று யோசித்து, அது சரிவராமல் மறுபடி யோசிக்கும் பொறுமைதான் அங்கே தேவை. மாதிரிப் படைப்புத் தொகுப்பில் பளபளப்பான இறுதிப் படத்தைவிட, அடித்துத் திருத்திய பக்கங்கள் அதிகம் பேசும். அந்தப் பொறுமை இல்லாத ஓவியர் நுண்கலை படிக்கலாம். 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி அதற்குத்தானே இருக்கிறது!

பெயர் மயக்கம் இவற்றைவிட மோசம். இன்டீரியர் டிசைன் படித்தால் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடலாம் என்று நம்பிச் சேர்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தன்னை அப்படி அழைத்துக்கொள்ள முடியும். அதற்கு ஐந்தாண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும், பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். நிஃப்டில் ஆடை வடிவமைப்புக்கு எந்தப் பிரிவினரும் வரலாம், ஆடை உற்பத்தித் தொழில்நுட்பத்துக்குக் கணிதம் கட்டாயம். ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சிபுரம் (இந்தியத் தகவல் தொழில்நுட்ப, வடிவமைப்பு, உற்பத்தி நிறுவனம்) தன் பெயரில் டிசைனை வைத்திருக்கிறது, அங்குள்ள பி.டெக். படிப்புகளோ ஜே.இ.இ. வழியே சேரும் பொறியியல் படிப்புகள். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்றால் பல கலைக் கல்லூரிகளில் ஒளிப்படம், திரைப்படம், விளம்பரம் எல்லாம் கலந்த ஊடகப் படிப்பு. எந்தப் பெயராக இருந்தாலும் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். கிடைக்கப்போவது பட்டமா, டிப்ளமாவா, வெறும் சான்றிதழா, பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகங்களை விடுங்கள். இரண்டாண்டுக்கு முன் படிப்பை முடித்தவர்கள் நாலைந்து பேரிடம் இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

ஆறு மாதம் மென்பொருள் கற்றால் போதும் என்பது வேறு வகை அவசரம். ஒரு காலத்தில் அனிமேஷன் மையங்கள் பிளாஷை நம்பி நடந்தன. 2020 இறுதியோடு பிளாஷ் படைப்புகளை ஓடவைக்கும் பிளாஷ் பிளேயருக்கான ஆதரவையே அடோபி நிறுத்திக்கொண்டது. இன்று ஃபிக்மா, நாளை வேறொன்று. கருவியைக் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கருவி மட்டும் போதாது.

வேலை என்றால் பெங்களூரில் செயலி வடிவமைப்பது ஒன்றுதான் என்று நினைப்பதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. பின்னலாடைக்குத் திருப்பூர், வீட்டு உபயோகத் துணிக்குக் கரூர், தோலுக்கும் காலணிக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டை என்று உலகச் சந்தைக்கு அனுப்பும் ஊர்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே அளவு வார்ப்பு தயாரிக்கும் பேட்டர்ன் மாஸ்டர் வெட்டும்போதும், பையர் (வாங்கும் நிறுவனத்தார்) திருப்பி அனுப்பிய சாம்பிளை, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பிரித்துப் பார்க்கும்போதும் பக்கத்தில் ஒரு வாரம் நின்றால், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று மாணவருக்கே தெரிந்துவிடும். விடுமுறையில் அப்படி அனுப்பிவைக்க எத்தனை வீடுகள் தயார்? லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிவிட்டு இரண்டாம் ஆண்டில் வெறுப்பதைவிட இது மலிவு.

பதினேழு வயதில் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்று பதறுவதும் தவறுதான். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டுத்தான் மும்பை ஐ.ஐ.டி.யில் காட்சித் தொடர்பியல் வடிவமைப்பில் முதுகலை படிக்கப் போனார். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.டெஸ். என்னும் முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வை எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம். அதற்கு வயது வரம்பு இல்லை, எத்தனை முறை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை.